நிலவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: ஆய்வுக்கூடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

+2 தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் நான்கைந்துதான். மருத்துவம், இன்ஜினியரிங், பி.காம்., கம்ப்யூட்டர். "நான் ஜியாலஜி படிக்கிறேன்" என்று மகனோ மகளோ சொன்னால், "கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புவியியல் என்பது ஜியாகிரபி. ஜியாலஜி என்பது நிலவியல். பாறை, கனிமம், நிலத்தடி நீர், பெட்ரோலியம், நிலச்சரிவு, நில அதிர்வு ஆகியவற்றைப் படிக்கும் துறை இது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு இந்தத் துறையில் முதுகலை முடித்தவர்களுக்கானது. 1851-ல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகவே ஆள் எடுக்கிறார்கள்.

ஆனால் இந்தப் படிப்பில் புத்தகம் பாதிதான். மீதி களத்திலும் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது, கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. துறையின் ஆய்வுக்கூடத்தையும் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் கருவிகள் எதற்கு என்று தெரிந்தால்தான் சரியான கேள்வியைக் கேட்க முடியும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

கல் அறுக்கும் பட்டறை

ஒரு நல்ல நிலவியல் துறையை அடையாளம் காட்டுவது, தூசியும் சத்தமுமாக இருக்கும் கல் அறுக்கும் அறைதான். களத்திலிருந்து கொண்டுவந்த பாறையை வைரத்தூள் பதித்த சக்கரத்தால் சிறு பட்டையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அந்த அளவுக்கு மெலிந்ததும் கருங்கல்லின் ஊடாகவும் ஒளி போகும்.

அதன் பிறகு சிறப்பு நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் இரண்டு வடிகட்டிகள் அதில் இருக்கும். அவற்றின் நடுவே ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறம் காட்டும். சரியான கனத்தில் குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரியும். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். இதைக் கை பழகிக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். கற்றுக்கொண்டவருக்கு அது ஆயுள் முழுக்கக் கைகொடுக்கும்.

சென்னைப் பல்லாவரத்துக் கருங்கல் இதற்கு நல்ல உதாரணம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்கல்லை நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். சென்னைப் பகுதியில் கிடைக்கும் அதே வகைப் பாறைதான் அது. 1893-ல் அவர் அதற்கு 'சார்னக்கைட்' என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள்.

எடையும் அடர்த்தியும்

கனிமத்தை அடையாளம் காணும் மிகப் பழைய வழிகளில் ஒன்று அதன் அடர்த்தியை அளப்பது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, மாணிக்கம் போன்ற கற்களை அதில் போட்டு, வெளியேறிய நீரை எடைபோட்டு அவற்றின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டார். அதே அடிப்படையில்தான் இன்றைய மாணவரும் முதலாண்டில் கல்லை எடைபோடுகிறார்.

கடற்கரை மணலைப் பிரிப்பதும் அடர்த்தியை வைத்துத்தான். புரோமோபார்ம் என்ற திரவத்தில் மணலைப் போட்டால் சாதாரண குவார்ட்ஸ் மிதக்கும். இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் அடியில் தங்கும். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இவை கலந்து கிடக்கின்றன. புரோமோபார்மின் ஆவி உடலுக்குத் தீங்கானது. ஆகவே ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு அந்த அறையில் வேலை செய்கிறதா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

எக்ஸ் கதிர்க் கருவிகள்

பல துறைகளின் விளம்பரத்தில் எக்ஸ்.ஆர்.எஃப்., எக்ஸ்.ஆர்.டி. என்ற இரண்டு பெயர்களைக் காணலாம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, கல்லில் இரும்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று தனிமங்களின் அளவைச் சொல்லும். இரண்டாவது, அந்த அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும்.

கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். முதல் கருவி இரண்டிலும் கால்சியத்தைத்தான் காட்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல இரண்டாவது கருவி வேண்டும். நுண்ணோக்கிக்கும் பிடிபடாத களிமண் கனிமங்களுக்கும் அதுவே வழி.

பாறையின் வயதைச் சொல்வது நிறைமாலைமானி. யுரேனியம்-238 அணுக்களில் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு சிர்க்கான் மணியில் யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். இது விலை மிக அதிகமான கருவி. எல்லாத் துறையிலும் இருக்காது. இல்லாதது குறையும் அல்ல. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் போன்ற பொது நிலையங்களுக்கு மாதிரிகளை அனுப்பிச் செய்துகொள்ளலாம். நம் பிள்ளை சேரும் துறைக்கு அப்படி அனுப்பும் பழக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம் ஊர்க் கிணறும் இந்தக் கருவிகளும்

இதெல்லாம் நமக்கு எங்கே பயன்படும் என்று கேட்டால், வீட்டுக் கிணற்றிலிருந்தே தொடங்கலாம். நம் மக்கள் அதிகம் வாழும் ஊர்களில் பல, கடலோரத்தில் இருக்கின்றன. கிணற்று நீர் உப்பாகிவிட்டால் இன்னும் ஆழமாகப் போர் போடுகிறோம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் அழைக்கிறோம். பணம் போகிறது; உப்பு போவதில்லை.

காரணம் எளிது. கடலோர மணலில் நல்ல நீர், அதைவிட அடர்த்தியான கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் உப்பு ஏறிவிடும். அப்போது ஆழத் தோண்டத் தோண்ட உப்புதான் வரும்.

இதைக் கண்டறிய மின்தடை மானி இருக்கிறது. நிலத்தில் நான்கு கம்பிகளை நட்டு, இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். உப்பு நீர் இருக்கும் இடத்தில் மின்தடை குறைவாக இருக்கும். ஆனால் களிமண் இருந்தாலும் குறைவாகத்தான் இருக்கும். எனவே அருகிலுள்ள கிணற்று நீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, அதன் மின்கடத்துதிறனையும் குளோரைடையும் அளந்து உறுதி செய்ய வேண்டும். ஒரு கருவி சொல்வதை இன்னொன்றால் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நல்ல ஆய்வுக்கூடம் பிள்ளைக்குக் கற்றுத்தருகிறது.

உள்நாட்டு ஊர்களுக்கு வேறு கவலை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பாறையிலிருந்தே புளோரைடு நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. கல் அறுத்துத் தேய்க்கும் பட்டறை உண்டா? மாணவர் தன் கையால் தகடு செய்கிறாரா, அல்லது செய்து வைத்ததை மட்டும் பார்க்கிறாரா?

2. நுண்ணோக்கி ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள்?

3. பெரிய கருவிகள் இப்போது இயங்குகின்றனவா? அவற்றை இயக்கத் தனிப் பணியாளர் இருக்கிறாரா?

4. இளங்கலை மாணவருக்கும் அவற்றைத் தொட அனுமதி உண்டா, ஆராய்ச்சி மாணவருக்கு மட்டுமா?

5. களப் பயிற்சிக்கு ஆண்டுக்கு எத்தனை நாள்? மாணவிகளுடன் பேராசிரியை செல்கிறாரா, தங்குமிடம் எப்படி?

ஐந்தாவது கேள்வியை மகளைத் தடுப்பதற்காகக் கேட்க வேண்டாம். அவளை நிம்மதியாக அனுப்புவதற்காகக் கேளுங்கள். களப் பயிற்சி இல்லாமல் நிலவியல் இல்லை. அதே சமயம் நுண்ணோக்கி, நீர்ப் பகுப்பாய்வு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். போன்ற வேலைகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே நடப்பவை.

கருவிப் பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் துறை சிறந்தது ஆகாது. பூட்டிய அறையில் உறை போர்த்திக் கிடக்கும் கருவியைவிட, தினமும் பத்துப் பிள்ளைகள் தொட்டுப் பழகும் பழைய நுண்ணோக்கி மேல். விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வுக்கூட உதவியாளரிடமும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடமும் பேசுங்கள். மாணவர்களின் கையில் கல்தூசி ஒட்டியிருந்தால் அந்தத் துறையில் வேலை நடக்கிறது என்று நம்பலாம்.