பழைய உளியும் பழைய டியூபும்: வீட்டுப் பழுதுகளைச் சீர்செய்யும் கைவேலைகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ரப்பர் தோட்டத்து லயங்களின் பக்கம் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு சைக்கிள் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி நால்வர் குந்தியிருப்பர். ஒருவர் கையில் திருப்புளி இருக்கும்; மற்ற மூவரிடமும் யோசனைகள் இருக்கும். சைக்கிள் சீராவதற்குள் ஒருவர் தம் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்வார். இன்னொருவர் கூரை ஒழுகுவதைச் சொல்வார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பேச்சாகத் தோன்றினும், பொழுது சாய்ந்து பிரியும்போது ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டே செல்வர். அவ்வாறு கைமாறும் கைவேலைகள் சிலவற்றையும், அவற்றுள் ஆபத்து மறைந்திருக்கும் இடங்களையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் மக்களுக்கு மிகவும் பழகிய கருவியான உளியிலிருந்தே தொடங்கலாம். ரப்பர்ப் பயிர் இந்நாட்டில் வேரூன்றிய தொடக்க காலத்தில், மரம் சீவுவதற்கென்று தனிக் கருவி இருக்கவில்லை. குதிரையின் குளம்பைச் சீவுவதற்கு இலாடம் கட்டுவோர் வைத்திருந்த வளைந்த கத்தியே அன்று பால்மரத்திற்கும் பயன்பட்டது. பின்னர் அதன் வாய் பலவாறாக மாற்றப்பட்டு, இன்று நாம் காணும் உளிகள் உருவாயின. குதிரைக்காரனின் கத்தி மரத்திற்கு வந்தது போலவே, மரத்திற்குத் தேய்ந்துபோன உளி வீட்டிற்கு வருகிறது. அதன் வளைந்த வாய், வாய்க்கால் சிமெண்டு வெடிப்புகளில் முளைக்கும் புல்லை வேரோடு கிளறி எடுக்கும். கதவுச் சட்டத்தின் குறுகிய பள்ளங்களில் படிந்த பழைய சாயத்தைச் சுரண்டும். தட்டையான கத்தி எதுவும் இவ்வேலைகளை இத்துணைச் செம்மையாகச் செய்வதில்லை.

உளியையோ கத்தியையோ மின்சாரச் சாணையில் பிடிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகமாகச் சுழலும் சாணையில் எஃகு மிக விரைவில் சூடேறும். முனையில் நீல நிறம் பாய்ந்தால், கொல்லர் கொடுத்த பதம் அவ்விடத்தில் போய்விட்டது என்பது பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. ஆகவே, ஒரு குவளைத் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு, சாணையில் சிறிது பிடிப்பதும் நீரில் தோய்ப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பொறுமையுள்ளவர்க்குத் தீட்டுக்கல்லே போதும்.

உடைந்த குடையை எறிந்துவிடுவோர் பலர். அதன் கம்பிகளின் நுனியில் துணியைத் தைப்பதற்காக ஒரு சிறு துளை இருப்பதை நோக்குங்கள். அக்கம்பியைச் சாண் நீளத்திற்கு வெட்டி, மறுமுனையைக் கல்லில் தேய்த்துக் கூராக்கினால் கோணிச் சாக்கு தைக்கும் ஊசி ஆயத்தமாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய கோணி ஊசியைவிட இது மெலிதாகையால் சாக்கின் இழை அறுபடுவதும் குறைவு.

இனி டியூபுக்கு வருவோம். சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் பழைய உள்டியூபைப் போலத் தோட்ட வீட்டில் உழைக்கும் பொருள் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அதனை இரண்டு விரற்கடை அகலத்தில் சுருள் சுருளாக, நீண்ட ஒரே நாடாவாக வெட்டிக்கொள்ள வேண்டும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ஓஸ் குழாய் பிளந்துவிட்டால், இந்நாடாவை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடுமாறு சுற்றி வர வேண்டும். கடைசிச் சுற்றின் அடியில் நுனியை நுழைத்து இழுத்தால் முடிச்சே தேவையில்லை. இழுத்துச் சுற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் இருபது சுற்றுச் சுற்றினாலும் நீர் கசியும். கம்பி வேலிக் கதவின் கீல், விறகுக் கட்டு, கத்தியின் வழுக்கும் கைப்பிடி என இதற்குப் பல இடங்களில் வேலையுண்டு. ஆயினும் வெடித்துப்போன மண்வெட்டிப் பிடியையோ கோடரிப் பிடியையோ டியூபால் சுற்றி மேலும் சில நாள் ஓட்டலாம் என்று எண்ணக் கூடாது. ஓங்கி வெட்டும்போது இரும்பு கழன்று பறந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. புதிய பிடி போடுவதே முறை.

குழாய் சொட்டுவதற்கு உள்ளேயிருக்கும் வாஷர் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். பழைய டயரின் பக்கச் சுவரிலிருந்து அளவாக வெட்டிய வட்டம் நல்ல வாஷராகும். ரப்பர்ச் செருப்பின் அடியை வெட்டிப் போடுவோரும் உளர். அது மென்மையானதாகையால் சில வாரங்களில் நசுங்கிவிடும். குழாயைக் கழற்றுமுன் தலைமை அடைப்பானை மூட மறவாதீர்கள். மறந்தவரின் வீட்டில் நேரும் கோலாகலத்தைப் பற்றி இங்கு விவரிக்கத் தேவையில்லை.

இவ்வளவு நன்மை தரும் ரப்பருக்கு ஒரு பகை உண்டு. அது எண்ணெய். ஐயமுள்ளவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இயற்கை ரப்பரால் ஆன சிறு துண்டு ஒன்றை ஒரு பழைய குப்பியில் சிறிது மண்ணெண்ணெயில் இட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அது ஊதிப் பெருத்து, வலுவிழந்து, இழுத்தால் அறுந்துபோகும் நிலையில் இருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் மூடிக்கோ மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாய்க்கோ டியூப் துண்டை வாஷராகப் போடுவது எத்தகைய தவறு என்பது இதனால் விளங்கும். சமையல் எரிவாயுவும் பெட்ரோலியத்திலிருந்து வருவதே. எரிவாயுக் குழாயின் பொருத்து வாய் தளர்ந்துள்ளது என்று டியூபைச் சுற்றிவிட்டு நிம்மதியாக உறங்குவது பெருந்தீங்கை விலைக்கு வாங்குவதாகும். அதற்கென விற்கப்படும் குழாயையும் இறுக்கியையுமே வாங்கிப் பொருத்த வேண்டும். கசிவு உண்டா என்று பார்ப்பதற்குச் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா என்று நோக்குக. தீக்குச்சியை உரசிப் பார்க்கும் வழக்கத்தை இன்றே கைவிடுக.

பாலைப் பசையாகப் பயன்படுத்தலாமா என்று கேட்போரும் உண்டு. சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்திருப்போர் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிர்வாகத்தின் பாலைக் கேளாமல் எடுப்பது வேறு பெயருக்கு உரியது. காகிதம், துணி, தோல் ஆகியவற்றை ஒட்டுவதற்குப் பால் நன்கு உதவும். துணியின்மேல் மெல்லியதாகப் பூசி உலரவிட்டால் நீர் புகாது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்த முறை இது. 1823ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மக்கிந்தோஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணியைச் செய்து காப்புரிமை பெற்றார். ஆனால் அக்கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்தன; குளிரில் விறைத்தன. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தார். நாம் வீட்டில் பூசும் பச்சைப் பாலுக்கு அந்தப் பக்குவம் இல்லையல்லவா? ஆதலின் கூரை ஓட்டையைப் பாலால் அடைப்பது ஒரு மழைக்கு மட்டுமே தாங்கும். நம் நாட்டு வெயில் சில நாட்களில் அதனை உருக்குலைத்துவிடும்.

கூரைக்குத் தகரமிட்டிருப்பின், ஒழுக்கு பெரும்பாலும் ஆணித் துளையிலிருந்தே வரும். தகரத்தின் நெளிவில் மேடான இடத்தில் ஆணி அறைய வேண்டும். பள்ளத்தில் அறைந்தால் ஓடும் நீரெல்லாம் துளையைத் தேடி வரும். ஆணித்தலைக்குக் கீழே டயர்த் துண்டு ஒன்றை வைப்பது நலம். ஆனால் மேலே ஏறுமுன், கூரை தகரம்தானா என்று உறுதி செய்துகொள்க. பழைய வீடுகள் பலவற்றில் கல்நார் சேர்ந்த சிமெண்டுத் தகடுகள் உள்ளன. சாம்பல் நிறமான இத்தகடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை அடைவதால் ஆளின் எடையைத் தாங்கா. அவற்றை அறுப்பதும் துளையிடுவதும் தேய்த்துக் கழுவுவதும் அதனினும் கேடு. அப்போது எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத நார்கள் கலந்திருக்கும். மூச்சோடு உட்சென்ற நார் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். இன்று ஓட்டையை அடைத்தவர்க்கு நாளை ஒன்றும் நேராததால்தான் இத்தீமையைப் பலர் நம்புவதில்லை. இத்தகைய கூரையில் நாம் கை வைக்கலாகாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரே சொல். பியூஸ் எரிந்துபோனால், அதே அளவுள்ள பியூஸையே மாற்றிப் போட வேண்டும். சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளையோ தடித்த செம்புக் கம்பியையோ வைத்தால் விளக்கு எரியத்தான் செய்யும்; ஆனால் அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் கம்பி எரியும். பலகைச் சுவர் வீடுகள் வரிசையாக அமைந்த லயத்தில் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

இனிக் கூறப்போவதே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் பாத்திரம் எது? களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் தோம்பு. கனமானது, உறுதியானது, மூடியுடன் கூடியது. அதனைக் கண்டு ஆசைப்படாதவர் குறைவு. ஒரு லயத்தின் குழாயடியில் நடந்த பேச்சை இங்கே தருகிறோம். இளைஞர் ஒருவர் தோம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, ஒரு மூதாட்டி வினவினார்:

“தம்பி, அந்தத் தோம்புல முன்ன என்னா இருந்துச்சு?”

“மருந்துதான் பாட்டி. சோப்புப் போட்டு மூணு தடவ கழுவிட்டேன். வாடையே இல்ல.”

“வாடை போச்சுன்னா மருந்தும் போயிருச்சா?”

மூதாட்டியின் கேள்வியே சரியான கேள்வி. பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் மருந்து ஊறியிருக்கும். தோம்பின் கைப்பிடி உள்ளீடற்றது. அதனுள்ளும் மூடியின் மரைகளிலும் தங்கிய மருந்து எளிதில் வெளிவராது. நீரை ஊற்றி நாட்கணக்கில் வைக்கும்போது அது சிறிது சிறிதாக நீரில் கலக்கும். வாடையை வைத்தும் நிறத்தை வைத்தும் அதனை அறிய இயலாது. மும்முறை அலச வேண்டும் என்று மருந்துத் தோம்புகளில் அச்சிட்டிருப்பது உண்மையே. அது குடிநீருக்குத் தகுதியாக்குவதற்கான முறையன்று. பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதற்கான முறையாகும். ஒவ்வொரு முறையும் சிறிது நீரூற்றி மூடி நன்றாகக் குலுக்கி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயன்படுத்திவிட வேண்டும். பின்பு தோம்பின் அடியில் துளையிட்டு, மருந்துச் சாமான் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். துளையிட்ட தோம்பை எவரும் வீட்டிற்குத் தூக்கிச் செல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மருந்தையோ, பாலை உறையவைக்கும் திராவகத்தையோ குளிர்பானப் போத்தலில் சிறிது ஊற்றி வீட்டிற்குக் கொண்டுவந்து, வேலியோரப் புல்லுக்கென்றும் குளியலறைத் தரைக்கென்றும் வைத்திருப்பர். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் உட்சென்றாலே உயிரைக் குடிக்கவல்லது. அதற்கு முறிமருந்து கிடையாது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய கொட்டகையின் மூலையில் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல் ஏதேனும் கிடந்தால், அதனைத் திறந்து முகர்ந்து பாராமல் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். திராவகம் உடலில் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருந்தகம் செல்க.

பழைய டயரைப் பூந்தொட்டியாக்குவோரும், உடைந்த மங்குகளில் செடி வளர்ப்போரும் அடியில் துளையிட மறவாதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். டிங்கிக் காய்ச்சல் அவ்வழியே வருகிறது. சீவாத மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகவே.

எல்லாப் பழுதையும் நாமே சீர்செய்ய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. குழாய் வாஷரும் கதவுக் கீலும் நம் கைக்கு அடங்கியவை. கூரை, சுவர், மின்கம்பி, கழிவு வாய்க்கால் ஆகியவை அவ்வாறல்ல. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தாம் வழங்கும் குடியிருப்புக் கட்டடங்களை நல்ல நிலையில் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. அச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டு மேலும் விரிவாக்கப்பட்டது. அனுமதியின்றி வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு இடங்கொடாதிருப்பதும் முதலாளியின் கடமையே; ஆகவே சமையற்கட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையை இறக்க எண்ணுவோர் முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

‘எத்தனை முறை சொன்னோம், யாரும் வரவில்லை’ என்ற குறையைத் தோட்டந்தோறும் கேட்கலாம். பெரட்டில் நின்றுகொண்டு வாய்மொழியாகச் சொன்னது அன்று மாலையே மறக்கப்படும். ஒரு தாளில் வீட்டு எண், பழுது இன்னது, கண்ட நாள் இன்னது என்று எழுதி, இரண்டு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான காலத்திற்குப் பின்னும் பழுது நீங்காவிடில், அந்தப் படியுடன் தொழிற்சங்கத்தையோ அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவையோ அணுகலாம். எழுதத் தெரியாத முதியவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.