பொரித்த குஞ்சும் பிழைத்த குஞ்சும்

கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. தாயின் காலால் குஞ்சுக்குக் கேடு வருவதில்லை என்பது உண்மையே. அப்படியாயின், பன்னிரண்டு முட்டை அடைவைத்துப் பத்துக் குஞ்சு பொரித்த வீட்டில், இரண்டு மாதம் சென்றபின் மூன்றோ நான்கோ மட்டும் எஞ்சி நிற்பது எதனால்? இந்தக் கேள்விக்கு விடை கண்டோமாயின், கொல்லைப்புறக் கோழி வளர்ப்பில் இலாபம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையும் கண்டவர்களாவோம்.

நெய்யூர், இரணியல் வட்டாரத்தில் நெசவாளர் வீடுகள் பலவற்றிலும், தென்னையும் மரச்சீனியும் பயிரிடுவோர் வீடுகளிலும் நாலைந்து நாட்டுக் கோழிகள் மேய்ந்து திரிவதைக் காணலாம். நெசவுக் கூலி கைக்கு வரத் தாமதமாகும் வாரத்தில், திங்கள்சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு சேவலே அந்த வீட்டுச் செலவைத் தாங்குகிறது. இவ்வருமானம் பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. சங்கப் பேரேட்டில் இது ஏறுவதில்லை. ஆகையால் இதன் இழப்பும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

கணக்குப் பார்க்கச் சென்ற இடத்தில், ஓர் அங்கத்தினரின் வயது முதிர்ந்த தாயாரிடம் இதுபற்றி விசாரித்தேன். “சாரே, எத்தனை பொரிச்சுதுன்னு கேளுங்க, சொல்லுதேன். எத்தனை மிஞ்சிச்சுன்னு மட்டும் கேக்கப்பிடாது” என்றார் அம்மூதாட்டி. நாம் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

அடை வைத்தல்

கோழி முட்டை பொரிக்க 21 நாட்களும், வான்கோழி முட்டை பொரிக்க 28 நாட்களும் ஆகும். அடைக்குரிய முட்டை இட்டு ஏழு நாட்களுக்கு மேற்படாததாகவும், விரிசல் இல்லாததாகவும், மிகச் சிறிதும் மிகப் பெரிதும் அல்லாததாகவும் இருத்தல் நலம். முட்டைகளைக் கழுவலாகாது, கழுவினால் ஓட்டின்மேல் இயற்கையாக உள்ள காப்புப் படலம் நீங்கி, அழுக்கு நீர் ஓட்டின் துளைகள் வழியே உட்புகும். அகன்ற முனை மேலாக, குளிர்ந்த இடத்தில் வைத்துச் சேகரிக்க வேண்டும்.

ஒரு நாட்டுக் கோழி பத்து முதல் பன்னிரண்டு முட்டைகளைச் செவ்வையாக மூடி அமரும். ஆசை மிகுந்து இருபது முட்டை வைத்தால், ஓரத்து முட்டைகள் முறைமாறிக் குளிர்ந்து, எல்லாமே கெடுவதற்கு இடமுண்டு. அடைக்கூடையில் இரும்புத் துண்டு, மிளகாய் வற்றல், கரித்துண்டு முதலியன வைப்பது ஊர் வழக்கம். அதனால் தீங்கில்லை. ஆயினும் முட்டையைக் காப்பது இருளான, அமைதியான இடமும், பேனற்ற தாயும், நாள்தோறும் அது கால் மணி நேரம் இறங்கித் தின்று குடிப்பதற்குரிய தீனியும் தண்ணீருமே ஆகும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக ஒளி ஊடுருவினால் அது கருவற்ற முட்டை. அதை எடுத்துவிட்டால் மற்றவற்றிற்கு இடமும் வெப்பமும் மிகும்.

நம் மாவட்டத்திற்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பொரிக்கும் குஞ்சுகள் ஈரத்தில் நடுங்கி மடிகின்றன. ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் நோயும் பெருகும். ஜனவரி முதல் மார்ச் வரை பொரிக்குமாறு அடைவைப்பதே இவ்வூருக்குப் பொருத்தம்.

முதல் எட்டு வாரம்

பஞ்சாரத்தைத் திறந்துவிட்டவுடன் குஞ்சுகளைத் தாயோடு தோட்டத்தில் விட்டுவிடுவது நம் பழக்கம். பருந்தும் காக்கையும் கீரியும் மரநாயும் அந்த நேரத்திற்கே காத்திருக்கின்றன. முதல் நான்கு வாரமேனும் குஞ்சுகள் கம்பிவலையிட்ட சிறு கூட்டில் வளர்தல் வேண்டும்.

தாயின்றி விளக்கு வெப்பத்தில் வளர்ப்போர், குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்னும் கணக்கில் பழைய இழைவிளக்கைத் தொங்கவிடுவர். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் தராது என்பதை மறக்கலாகாது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பமிருந்து, வாரத்திற்கு ஐந்து டிகிரியாகக் குறைத்துவரலாம். வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே கணக்குச் சொல்லும். விளக்கின் அடியில் நெருங்கிக் குவிந்தால் குளிர் என்றும், விலகி ஓடினால் சூடு என்றும், பரவி உறங்கினால் சரியென்றும் அறிந்து கொள்ளலாம்.

தீனியில் குறுணையும் தவிடும் மட்டும் போதா; உடல் வளரப் புரதம் வேண்டும். குளச்சல் பக்கத்திலிருந்து வரும் மீன் கழிவை உப்பின்றி உலர்த்திப் பொடித்துச் சேர்க்கலாம். உப்புக் கருவாடு குஞ்சுக்கு ஆகாது. பச்சை மரச்சீனியிலும் அதன் இலையிலும் நச்சுத்தன்மை உண்டாதலால், வேகவைத்தோ நன்கு உலர்த்தியோதான் சிறிதளவு கொடுக்க வேண்டும். பழைய மண்பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் சேரும். காசு செலவில்லாத புரதம் அது.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. கஞ்சியிட்ட பாவு காயும் வேளையில் கோழிகளை அடைத்து வையுங்கள். கஞ்சியைக் கொத்த வந்த கோழி இழையையும் அறுத்துவிட்டால், அதன் விலை அந்தக் கோழியின் விலையினும் மிகுதியாகிவிடும்.

வேலி அறியாத நோய்

மேற்சொன்ன யாவற்றையும் ஒரு வீட்டார் செவ்வையாகச் செய்தாலும், ஒரே வாரத்தில் அனைத்தையும் இழக்கக்கூடும். அதற்குக் காரணம் வெள்ளைக் கழிச்சல் நோய். இந்தியாவில் இந்நோய் 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர் பெற்றது. கோழி சோர்ந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, வெண்மையும் பசுமையும் கலந்து கழிந்து, சில வேளை கழுத்து முறுகி மாளும். நோய் வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுப்பு உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசியும் போடப்படும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று பொதுவாக நூறு கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றிற்கோ அளவிடப்பட்டது. குளிரில் வைத்துக் காக்க வேண்டியது. கரைத்தபின் சில மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டியது. எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் ஏழைப் பெண் தனியே அதை வாங்க இயலாது. வாங்கினும் பெரும்பகுதி வீணாகும். ஆகையால் அவள் வாங்குவதில்லை. அடுத்த வீட்டாரும் வாங்குவதில்லை. நோய் கண்டவுடன், சாவதற்கு முன் விற்றுவிடுவோம் என்று அவசரமாகக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்கிறோம். ஒரு தெருவின் நோய் அன்று மாலைக்குள் பல ஊர்களுக்குப் பரவுகிறது. நோய்ப்பட்ட கோழியைச் சந்தைக்கு அனுப்புவது, அயலான் கூரையில் நெருப்பு வைப்பதற்கு ஒப்பாகும். திரளாகக் கோழிகள் மாண்டால் உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிப்பதும், மாண்டவற்றை ஆழப் புதைப்பதும் நம் கடமை.

வான்கோழி வளர்ப்போருக்கு

கிறிஸ்துமஸ் காலத்து விற்பனையைக் கருதி வான்கோழி வளர்க்க விரும்புவோர் நம்மில் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் உருவான நந்தனம் வான்கோழி-1 என்னும் இனம் நம் வெப்பத்திற்கு ஏற்றது. டிசம்பரில் விற்க விரும்புவோர், குஞ்சு பொரித்து இரண்டு மாதமாவது ஆகித் தேறிய பின்னரே ஜூன் மழை தொடங்குமாறு, மார்ச்சு இறுதிக்குள் பொரிக்கும்படி திட்டமிடுவது நன்று.

வான்கோழிக் குஞ்சு முதல் நாட்களில் தானே தின்னத் தெரியாமல் பட்டினியால் மடிவதுண்டு. முதல் பதினைந்து நாட்கள், ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்தும், பத்துக் குஞ்சுகளுக்கு ஒரு வேகவைத்த முட்டை வீதமும் ஊட்டுதல் வேண்டும். பளபளப்பான கோலிக்குண்டுகளைத் தீனித் தட்டில் இட்டால், அதைக் கொத்த வந்து தீனியையும் கொத்தப் பழகும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கோழியையும் வான்கோழியையும் ஒரே முற்றத்தில் மேயவிடலாகாது. கருந்தலை நோய் என்னும் ஈரல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர், கோழியின் குடற்புழு முட்டைக்குள் தங்கி வாழ்கிறது. கோழிக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. வான்கோழிக்கோ அது யமன். கந்தக நிறத்தில் மஞ்சளாகக் கழிவது அதன் அடையாளம். அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்னும் அறிஞர் 1895-ல் இந்நுண்ணுயிரை விவரித்தார். புழு முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாது கிடக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும்.

வான்கோழி முட்டையை நாட்டுக் கோழியின் கீழ் அடைவைப்பது நம் வழக்கம். அடைகாக்கும் பணியை அத்தாய் நன்றாகவே செய்யும். ஆனால் பொரித்தவுடன் குஞ்சுகளைப் பிரித்து விளக்கடியில் வளர்த்து, பின்னும் கோழி மேயாத நிலத்திலேயே விட வேண்டும். அத்தகைய நிலம் இல்லாத சிறு முற்றத்தார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொள்வதே அறிவுடைமை.

மார்த்தாண்டம் காட்டிய வழி

கோழியின் பொருட்டு ஒன்றுகூடுவது நமக்குப் புதிதன்று. நமக்கு அருகேயுள்ள மார்த்தாண்டத்தில், இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த 1920-களில், கே.டி. பால் அவர்கள் ஊக்குவித்த ஒய்.எம்.சி.ஏ. கிராம புனருத்தாரணப் பணியின் மையம் ஒன்று அமைந்தது. அதனை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பார், உயர்ந்த வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டு நாட்டுக் கோழிகளின் வழித்தோன்றலை முட்டை வளத்தில் உயர்த்த முற்பட்டார். முட்டைகளைக் கூட்டுறவு முறையில் திரட்டி, தரம் பிரித்து, நகரங்களில் விற்க ஏற்பாடு செய்தார். அப்பணியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1932-ல் வெளிவந்து பிற நாட்டாரும் அறியலாயினர். மார்த்தாண்டம் தேன் இன்று புகழ்பெற்று விளங்குவதற்கும் அம்மையம் தூண்டிய தேனீ வளர்ப்பு ஒரு காரணமாகும்.

அவருடைய வழியில் நாம் அறியவேண்டியது, சேவலைவிடச் சேர்க்கை பெரிது என்பதே. லெகார்ன் இனம் முட்டை மிகுதியாக இடும், ஆனால் அடைகாப்பதில்லை. ஆகையால் இனக்கலப்புச் செய்வோரும் அடைக்குரிய நாட்டுக் கோழிகள் சிலவற்றைக் கைவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். சிறியோர்க்கு மட்டுமின்றிப் பெரியோர்க்கும் கூட்டு அவசியமாயிற்று. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணையாரும் விலை சரிவைத் தாங்கமாட்டாமல் 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்துக் கொண்டனர் என்பதை நினைவுகூர்க.

சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, தெருவாரியாகக் கோழிகளைக் கணக்கெடுத்து, மாதத்தில் ஒரு நாளைத் தடுப்பு மருந்து நாளாகக் குறித்து, கால்நடை மருந்தகத்தாரை அழைக்கலாம். அடைவைக்கும் நாளையும் ஏறத்தாழ ஒன்றாக அமைத்துக் கொண்டால், குஞ்சுகள் ஒரே பருவத்தில் மருந்துக்கு வரும். ஒரு குப்பி ஒரு தெருவுக்குப் போதும்.

இரண்டாவது, ஒரே சேவலின் வழியிலேயே ஆண்டுதோறும் குஞ்சு எடுத்தால் வலிமை குன்றும். அங்கத்தினர் தமக்குள் நோயற்ற சேவல்களை மாற்றிக் கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் பறவையை மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, உண்பதற்கு விற்கும் முட்டைகளை விளக்கொளியில் சோதித்துச் சங்கத்தின் பெயரால் விற்கலாம். அடைப் பருவம் முடிந்ததும் சேவலைப் பிரித்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்திற்குப் பின் இடும் முட்டைகள் கருவற்றவையாகிக் கோடையிலும் எளிதில் கெடாதிருக்கும்.

நான்காவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, எட்டாம் வாரம் உயிரோடுள்ளவை என மூன்று வரிசை போதும். முதலிரண்டு வரிசைகள் கோழியின் திறமையைக் காட்டும். மூன்றாவது வரிசை நம்முடைய திறமையைக் காட்டும்.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெய்வோன் அங்கேயே நிறுத்தி முடிச்சிடுகிறான். துணி முழுவதும் கெடட்டும் என்று விடுவதில்லை. ஊரிலுள்ள கோழிகள் யாவும் ஒரே பாவின் இழைகள் போன்றவை. தன் கூட்டை மட்டும் காப்பவன் எதையும் காத்தவனாகான். வரும் அடைப் பருவத்திற்குள் நம் சங்கங்கள் முதல் மருந்து நாளைக் குறிக்குமாயின், எத்தனை மிஞ்சியது என்ற கேள்விக்கும் நம் வீட்டுத் தாய்மார்கள் தயங்காமல் விடை கூறுவார்கள்.