விரிப்பு ஏன் நடக்கிறது?

வழவழப்பான சிமெண்டுத் தரையில் விரித்த பாய் காலடியில் நழுவினால் நாம் வியப்படைவதில்லை. ஆனால், சொரசொரப்பான கம்பளத்தின்மேல் போட்ட இன்னொரு விரிப்பும் நகர்ந்துபோகிறது என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பல வீடுகளின் அறைகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் பொருத்தப்பட்டிருக்கும். வாடகைக்குக் குடியிருப்போர் அதைப் பெயர்த்தெடுக்க முடியாது. கறையை மறைக்கவும், அதிகம் நடமாடும் இடம் தேயாமல் காக்கவும், அழகுக்காகவும் அதன்மேல் சிறியதொரு விரிப்பைப் போடுகிறார்கள். இன்று நாற்காலிக்கு நேராகப் போட்ட விரிப்பு சில நாட்களில் ஒரு சாண் தள்ளிக் கிடக்கும், நடுவில் அலைபோல் மடிப்பு விழும், ஓரம் தூக்கிக்கொள்ளும். யாரும் இழுக்கவில்லை. விரிப்பு தானாக 'நடந்திருக்கிறது'!

இது வேடிக்கை மட்டுமன்று. அமெரிக்காவில் 2001 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கம்பளம், விரிப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய வீழ்ச்சிகளால் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர் அவசர சிகிச்சைக்கு வந்ததாக மதிப்பிடப்பட்டது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடப்பதே பெரும்பாடு. எனவே விரிப்புக்கும் கம்பளத்துக்கும் இடையே எந்தப் 'பேட்' வைப்பது என்பது தாத்தா பாட்டியின் பாதுகாப்பைப் பொறுத்த கேள்வி. அதற்கு விடை தேடுமுன், விரிப்பு ஏன் நடக்கிறது என்பதைக் காண்போம்.

கணக்கு சொல்வது என்ன?

உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பிரான்சு நாட்டு அமாண்டன் இதை 1699இல் வெளியிட்டார். இவ்விதியை நம் விரிப்புக்குப் பொருத்திப் பார்ப்போம்.

5 கிலோகிராம் நிறையுள்ள விரிப்பின்மேல் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நடக்கிறார். கம்பளத்தை அழுத்தும் விசை 65 × 9.8 = 637 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால், உராய்வு தாங்கக்கூடிய மிகுதியான விசை சுமார் 255 நியூட்டன். சாதாரணமாக நடக்கும்போது கால் தரையைக் கிடைமட்டமாகத் தள்ளும் விசை, மிஞ்சிப்போனால் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது சுமார் 118 நியூட்டன்.

தள்ளுவது 118, தாங்குவது 255. விரிப்பு அசையவே கூடாது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. குதிகால் ஊன்றும்போது கால் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. விரல்நுனியால் உந்தும்போது பின்னோக்கித் தள்ளுகிறது. சீரான வேகத்தில் நடப்பவருக்கு இவ்விரண்டின் மொத்த விளைவும் சமம். அப்படியானால் விரிப்பு முன்னே சிறிது, பின்னே சிறிது அசைந்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் ஒரே பக்கமாக நகர்கிறதே!

ஒரு தலைமுடி தரும் விடை

உங்கள் தலையில் உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். விரல்கள் இருபுறமும் சமமாகத்தான் அசைகின்றன. ஆனால் முடி ஒரே பக்கமாக, வேர் முனை முன்செல்ல, ஊர்ந்து வெளியேறும்!

முடியின்மேல் ஓட்டு வீட்டின் கூரை ஓடுகள்போல நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விளிம்புகள் நுனியை நோக்கியுள்ளன. விரல் வேரிலிருந்து நுனிக்குச் செல்லும்போது செதில்கள் படிந்து வழிவிடுகின்றன. எதிர்ப்பக்கம் செல்லும்போது விளிம்புகள் மாட்டிக்கொண்டு முடியை இழுத்துச் செல்கின்றன. உராய்வு இரு திசைகளிலும் ஒன்றாக இல்லாததால், முன்னும் பின்னுமான அசைவு ஒருபக்கப் பயணமாக மாறிவிடுகிறது.

கம்பளத்திலும் இதுவே நடக்கிறது. அதன் மேற்பரப்பில் நிற்கும் நூலிழைகள் நெட்டுக்குத்தாக நிற்பதில்லை. ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் முரடாகவும் இருப்பதை உணரலாம். விரிப்பின்மேல் கால் ஊன்றியதும் இழைகள் தாம் சாய்ந்திருக்கும் பக்கமாகவே மேலும் வளைந்து, விரிப்பையும் நூலளவு இழுத்துச் செல்கின்றன. கால் எடுத்ததும் இழைகள் நிமிர்கின்றன. ஆனால் அப்போது விரிப்பின்மேல் பாரம் இல்லை. ஆகவே இழை நுனிகள் அதைத் திரும்ப இழுத்து வராமல் அடியில் வழுக்கி விடுகின்றன. ஓர் அடிக்கு நூலளவு, நூறு அடிக்கு? ஒரு வாரத்துக்கு?

மடிப்பும் புழுவும்

நகர்வதற்கு இரண்டாவது வழியும் உண்டு. பெரிய விரிப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் இழுப்பது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அதை மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போனால் விரிப்பு எளிதில் நகர்ந்துவிடும். ஏனெனில், ஒரு நேரத்தில் மடிப்புள்ள சிறு பகுதி மட்டுமே தரையை விட்டு விலகி நகர்கிறது. சில புழுக்கள் முதுகை வளைத்து ஊர்வதும் இப்படித்தான்.

மெல்லிய, துவளும் விரிப்பின்மேல் நடக்கும்போது பாதத்துக்கு முன்னால் இத்தகைய சிறு மடிப்பு எழுகிறது. உலோகங்கள் கணக்கிட்டதைவிடக் குறைந்த விசையிலேயே வளைவது ஏன் என்பதற்கு 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கம் கண்டனர். அணு அடுக்குகள் முழுவதும் ஒருங்கே நகர்வதில்லை. 'இடப்பெயர்ச்சி' என்னும் குறைபாடு ஒன்று அடுக்கின் ஊடே ஊர்ந்து செல்கிறது என்பதே அது. அதை விளக்க ஆசிரியர்கள் இன்றும் காட்டும் உவமை, கம்பளத்தில் ஓடும் மடிப்பு!

எந்தப் பேட் பயன்படாது?

வழுக்கும் தரைக்கு ரப்பர் தகடு நல்ல தீர்வு. ரப்பர் மென்மையானது, தரையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து, உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பை மிகுதியாக்குகிறது. அதனால் பிடிப்பு கிடைக்கிறது. ஆனால் கம்பளத்தின்மேல் அதே தகடு இழைகளின் நுனியை மட்டுமே தொடும். நுனியை எவ்வளவு இறுகப் பிடித்தாலும், இழைதான் வளைந்துகொடுக்கிறதே! தரைக்கு நல்லது கம்பளத்துக்கும் நல்லது என்று எண்ணுவது தவறு.

தடித்த நுரைப் பஞ்சு இன்னும் மோசம். காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் பாதம் அழுந்திய இடம் பள்ளமாகி, சுற்றிலும் மேடு எழும்பும். அதுவே மடிப்பின் பிறப்பிடம். மேலும் விரிப்பின் ஓரம் உயர்ந்து காலைத் தடுக்கும்.

வலைபோல ஓட்டைகள் உள்ள மலிவான பிவிசி பேட்களும் உண்டு. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய 'நெகிழ்வூட்டி' என்ற பொருளைக் கலக்கிறார்கள். அம்மூலக்கூறுகள் பிளாஸ்டிக்குடன் வேதிப் பிணைப்பால் கட்டுண்டவை அல்ல. நாளடைவில் மெல்ல வெளியேறக்கூடும். அதனால் பேட் விறைத்துப்போகும். கம்பளத்தில் கறையும் ஏறலாம்.

நல்ல பேட்டின் மூன்று குணங்கள்

ஒன்று, அடிப்பக்கம் இழைகளின் நுனியைத் தொடுவதோடு நிற்காமல் அவற்றின் ஊடே மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு, மேற்பக்கம் விரிப்பின் முதுகை இறுகப் பற்ற வேண்டும். மூன்று, பேட் நீளாமல், துவளாமல் இருக்க வேண்டும். அப்போது ஓரிடத்தில் ஊன்றிய பாரம் பல இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும், ஒவ்வோர் இழையும் வளைவது குறையும், மடிப்பும் எழாது.

இம்மூன்றும் ஓரளவு ஒருங்கே அமைவது, ஒரு பக்கம் ரப்பர் பூசிய, அடர்த்தியான 'ஃபெல்ட்' பேட்டில். ஃபெல்ட் என்பது நெய்யாத துணி. ஆட்டு மயிரைச் சூடான சோப்பு நீரில் நனைத்துப் பிசைந்தால், மயிர்கள் செதில்களின் உதவியால் ஒருபக்கமாக ஊர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். விரிப்பை நடக்கவைக்கும் அதே ஒருபக்க உராய்வுதான் கம்பளி ஃபெல்ட்டையும் உண்டாக்குகிறது! இன்றைய பேட்களில் பலவும் பாலியெஸ்டர், சணல் போன்ற இழைகளை, கொக்கி முனைகள் கொண்ட ஊசிகளால் மீண்டும் மீண்டும் குத்திப் பின்னச்செய்து தயாரிக்கப்படுகின்றன.

பேட்டின் தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் ஆழமாகப் பள்ளம் விழக்கூடாது, இழுத்தால் நீளக்கூடாது. விரிப்பைவிடப் பேட் ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 150 × 240 சென்டிமீட்டர் விரிப்புக்கு 145 × 235 சென்டிமீட்டர் பேட். அப்போது விரிப்பின் ஓரம் சரிந்து படியும், கால் தடுக்காது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் படிக்க வேண்டும்.

இழைகள் நீண்டு புல்வெளிபோல் வளர்ந்த கம்பளமானால் எந்தப் பேட்டும் முழுப் பயன் தராது. அங்கே சோபா, கட்டில் போன்ற கனமான பொருளின் கால்களை விரிப்பின்மேல் ஊன்றச் செய்யலாம். முதியோர் நடமாடும் வழியானால் விரிப்பை எடுத்துவிடுவதே நல்லது.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின்மேல் வெல்வெட் துணியை இறுக்கமாகக் கட்டுங்கள். தடித்த துணி சுற்றிய மரக்கட்டை ஒன்றை அதன்மேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கட்டை வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்து குறியுங்கள். அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். 20 பாகையானால் 0.36, 30 பாகையானால் 0.58.

இப்போது பலகையைத் திருப்பி, வெல்வெட் இழைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமாறு வைத்து மீண்டும் அளவிடுங்கள். இரு விடைகளும் ஒன்றாக இருக்கின்றனவா? பிறகு கட்டையின் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டி இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். நான்கு எண்களையும் ஓர் அட்டவணையாக எழுதினால், விரிப்பு நடக்கும் இரகசியம் உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே கிடைக்கும்.