சவுண்ட் கார்டு வழியே மண்ணின் ஈரம்

எங்கள் உத்திரமேரூர் பக்கம் மணிலா (வேர்க்கடலை) போட்ட கொல்லைக்கு எப்போது மோட்டார் போடுவது என்பதை, மண்ணைக் கையில் பிசைந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம். அதையே ஒரு சிறிய சென்சார் செய்யுமா என்று பார்க்க விரும்பினேன். ஆசிலோஸ்கோப் வாங்கவில்லை. கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டே போதுமானதாக இருந்தது.

சென்சார் என்பது வார்னிஷ் பூசிய இரண்டு உலோகத் தகடுகள்தான். மண்ணில் செருகினால் அது ஒரு கெப்பாசிட்டர். மின்காப்பு மாறிலி தண்ணீருக்கு சுமார் 80. காய்ந்த மண்ணுக்கு 4 அளவில் இருக்கும். எனவே ஈரம் ஏறினால் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். இதனுடன் இணைத்த டைமர் சிப்பின் ப்ரீக்வென்ஸி இறங்கும். பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் பழைய 555 வேண்டாம். அது 5 வோல்ட்டில் சுமார் 3 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிமாஸ் வகையான 7555 பொதுவாக 0.1 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும்.

சிப்பின் 5 வோல்ட்டை நேராக உள்ளே விடாதீர்கள். 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் அரை வோல்ட்டுக்குக் குறைத்து, நீல நிற லைன்-இன் துளையில் கொடுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் பதிவு செய்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரத்தைக் க்ளிக் செய்தால் ப்ரீக்வென்ஸி தெரியும். பதிவை ஒலிக்க விட்டுக் கேட்பது இன்னும் வேடிக்கை. தொட்டி மண்ணில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் விசில் சத்தம் தடித்துப் போகும்!

ஆனால் ப்ரீக்வென்ஸியை மட்டும் நம்ப முடியாது. உரம் கரைந்த மண் மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் கூடாமலேயே ப்ரீக்வென்ஸி குறையலாம். இங்கேதான் பேஸ் ஷிப்ட் உதவுகிறது. நல்ல கெப்பாசிட்டரில் கரண்ட், வோல்டேஜை 90 டிகிரி முந்தும். கசிவு கூடக் கூட அந்தக் கோணம் சுருங்கும்.

முதலில் தெரிந்த பொருளில் பழகுங்கள். ஜெனரேட் மெனுவில் 159 ஹெர்ட்ஸ் டோன் உருவாக்கி, ஸ்பீக்கர் துளையிலிருந்து இடது சேனலுக்கு நேராகவும், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வலது சேனலுக்கும் கொடுங்கள். வலது முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். ஸ்டீரியோவில் பதிவு செய்து பெரிதாக்கிப் பார்த்தால், வலது அலை சுமார் 0.79 மில்லி செகண்ட் பின்தங்கும். அதாவது 45 டிகிரி. விநாடிக்கு 44,100 சாம்பிள் பதிவில் இது 35 சாம்பிள் அளவு. 1000 ஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளே 8 டிகிரி ஆகிவிடும். ஆகவே குறைந்த ப்ரீக்வென்ஸியே நல்லது.

மண் சென்சாரின் கெப்பாசிட்டன்ஸ் மிகச் சிறியது. அதன் பேஸைப் பார்க்க நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வேண்டும். பல லேப்டாப்களில் ஒற்றை மைக் சேனல்தான் உண்டு. ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் லைன் பக்கம் மட்டும் இந்த ஒயர்களைக் கொண்டுபோகாதீர்கள்.