நீலகிரி மலை ரயிலும் பொன்மலைப் பட்டறையும்

இராஜபாளையத்துக்குச் சரக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிய நம் அங்கத்தினர் ஒருவர் சங்கத் திண்ணையில் ஒரு கேள்வியைக் கிளப்பினார். "நம் பாதையில் ஓடிய கரி எஞ்சினை எடுத்தார்கள். பிறகு மீட்டர் பாதையையே பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள். நீலகிரியில் மட்டும் நூறாண்டு கடந்த நீராவி வண்டியைக் கட்டிக் காக்கிறார்களே, இது என்ன நியாயம்?" என்றார். கூடியிருந்தோர் ஆளுக்கொரு விடை கூறினர். ஒன்றும் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. நமக்கும் அளிக்கவில்லை. ஆகவே விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் நம் பாதையைப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி செல்லும் இருப்புப் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. அது மீட்டர் பாதையாக இருந்தவரை, அகலப் பாதை ஊர்களுக்குச் செல்லும் நூல் பொதியும் மாங்காய்க் கூடையும் இடையில் வண்டி மாற வேண்டியிருந்தது. மாற்றும் கூலி ஒருபுறம்; கசங்கலும் அழுகலும் மறுபுறம். பாதை அகலமானதில் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூர் செல்லும் 1904-ம் ஆண்டுப் பாதையும் 2010-ல் மூடப்பெற்று, அகலப் பாதையாகி, 2018-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கழுதுருட்டியிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தை இடித்துத் தள்ளாமல் வலுப்படுத்தி, அதன் மேலேயே புதிய பாதையைக் கொண்டுசென்றார்கள். பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை.

நீலகிரிப் பாதையின் கதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை அது சுமார் 46 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் கடல் மட்டத்துக்கு மேல் 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு வண்டி ஏற வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஏறத்தாழ ஓர் அடி மேலே ஏறியாக வேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் இவ்வளவு ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்தார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறும். சட்டங்கள் இரண்டு, ஒன்றன் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும்படி அமைத்திருப்பதால் பிடி ஒரு கணமும் விடுபடுவதில்லை. ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் கண்ட முறை இது.

எஞ்சினும் இதற்கென்றே பிறந்தது. அதில் நான்கு நீராவி உருளைகள் உண்டு. சமதரையில் இரண்டு மட்டுமே வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல் பாதை வந்ததும், அங்கே வேலை முடித்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டு உருளைகளுக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை! சிக்கனம் அறிந்த சம்சாரி கூட இதைவிட நன்றாகச் செய்துவிட முடியாது. ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிதோறும் நிறுத்துவிசைக்காரர் ஒருவர் நிற்கிறார்.

இப்பாதையின் வேலை 1891-ல் தொடங்கியது. எடுத்த கம்பெனி இடையிலேயே நொடித்தது. வேறொரு கம்பெனி பொறுப்பேற்று 1899-ல் குன்னூர் வரை வண்டியை ஓட்டியது. 1908-ல் பாதை உதகையை எட்டியது. எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வந்தன. இன்றைய வகையின் கடைசித் தொகுதி வந்த ஆண்டு 1952.

இங்கேதான் சிக்கல். நாடெங்கும் 1990-களின் இறுதிக்குள் நீராவி எஞ்சின் ஓய்வு பெற்றுவிட்டது. குன்னூருக்கு மேல் பல் பாதை இல்லை. அங்கே டீசல் எஞ்சின் வந்து வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் கீழ்ப்பகுதியில் பற்சக்கரம் உள்ள டீசல் எஞ்சின் கிடையாது. இருந்தவையோ கிழப்பருவம் எய்திய நீராவி எஞ்சின்கள். கொதிகலன் கசியும், பல் தேயும், வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். கடையில் போய் வாங்கிவர உதிரி உறுப்பு ஏது? கைத்தறிக்காரருக்கு இது புரியாத துன்பம் அல்ல. நல்ல தறி இருந்தும், அச்சுக் கட்டுகிறவரும் விழுது கட்டுகிறவரும் ஊரில் இல்லாமற் போனால் அந்தத் தறி எத்தனை நாள் ஓடும்?

சிலர் அப்போது பாதையை மூடிவிடலாம் என்றே கூறினர். மூடாமல் நின்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உலகறிந்தது: 2005 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், முன்னரே (1999-ல்) பட்டியலில் சேர்ந்திருந்த டார்ஜிலிங் பாதையோடு நீலகிரிப் பாதையையும் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. சிம்லா பாதை 2008-ல் சேர்ந்தது. இரண்டாவது காரணத்தைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பாராட்டவில்லை. நம் மதிப்பில் அதுவே பெரிது. திருச்சியை அடுத்த பொன்மலை ரயில்வே பட்டறைத் தொழிலாளர், பழைய வடிவத்தை அடியொற்றிப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்துவிட்டார்கள்! 2011 முதல் 2014 வரை நான்கு எஞ்சின்கள் இவ்வாறு மலைக்குச் சென்றன. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் இத்தகைய மலைப் பாதைகளுக்கு 1990-களில் புதிய நீராவி எஞ்சின்கள் செய்தது உண்டு. அந்த வேலையை நம் நாட்டுப் பட்டறை செய்து காட்டியது என்பது சாதாரணக் காரியம் அல்ல. பட்டம் கொடுத்தால் பட்டியலில் பெயர் ஏறும், வண்டி ஏறாது. வண்டியை ஏற்றியவை பொன்மலைக் கைகள்.

அந்த நான்கும் எண்ணெயால் எரிபவை. கோடையில் காய்ந்த காட்டில் கரியெஞ்சினின் பொறி விழுந்து தீப்பிடிக்கும் அபாயம் எண்ணெயால் குறைகிறது. கரி வாரிப் போடுகிறவரின் இடுப்பும் பிழைக்கிறது. ஆயினும் நிலக்கரியும் புகையும் இல்லாத மலை ரயில் என்ன மலை ரயில் என்ற குறை ரசிகர்களிடம் இருந்துவந்தது. அதற்கும் பொன்மலை விடை கூறியது: 2021 ஆகஸ்டில் நிலக்கரியால் எரியும் புதிய எஞ்சின் ஒன்று அங்கிருந்து வெளிவந்தது. எண்ணெயே தகுந்தது என்பது நம் அபிப்பிராயம். காடு எரிந்த பின் மரபை வைத்து என்ன செய்வது?

செலவை மறைக்க வேண்டியதில்லை. டிக்கெட் வரவு செலவுக்குக் காணாது. 2018-ல் கட்டணத்தைக் கணிசமாக உயர்த்தினார்கள். அடிவாரத்திலும் மலையிலும் அன்றாடம் போய்வந்த எளியவருக்கு அது சுமையாயிற்று. அவர்களுக்குச் சலுகை கொடுத்து, வேடிக்கை பார்க்க வருகிறவரிடம் கூடுதலாக வாங்குவதே முறை என்று நாம் கருதுகிறோம். இயற்கையும் சும்மா விடுவதில்லை. 2009 நவம்பர் மழையில் மலை பல இடங்களில் சரிந்து உயிர்ச்சேதம் விளைந்தது. பாதையும் அறுந்து மாதக்கணக்கில் வண்டி நின்றது. ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்படுவது இன்றும் வழக்கம். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் நின்ற வண்டி அவ்வாண்டின் கடைசி நாளில்தான் மீண்டும் ஏறியது.

கேள்வி கேட்ட அங்கத்தினருக்கு நம் விடை இதுதான்: நம் பாதைக்கு வேறு எஞ்சின் இருந்தது, மாற்றினார்கள், கல்லாற்று ஏற்றத்துக்கு இன்றுவரை வேறு எஞ்சின் இல்லை. அவர் அடுத்த பட்டுவாடா முடிந்ததும் குடும்பத்துடன் போய்வரப் போவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பதிவு செய்யாமல் புறப்பட்டால் இடம் கிடைப்பது அரிது. கல்லாறு தாண்டியதும் பேச்சை நிறுத்திச் சற்றே காது கொடுக்கட்டும். வண்டியின் வேகம் குறைந்து, பல்லோடு பல் சேரும் ஓசை அடியிலிருந்து கேட்கும்.