சுழலும் நீர் கற்பித்த பாடம்

விஞ்ஞானி ஒருவர் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால், "இதனால் பிரயோஜனம் என்ன?" என்ற கேள்வி உடனே எழுகின்றது. பொதுப் பணத்துக்குக் காவலாயிருப்பவர்கள் கணக்குக் கேட்பது நியாயமே. ஆயின், விதைத்த மறுநாளே கதிரைக் காட்டு என்பது நியாயமாகுமா? 2016-ம் ஆண்டில் தமது 87-வது வயதில் காலமான ஆங்கில பூபௌதிக அறிஞர் ரேமண்ட் ஹைட் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க விடையளிக்கிறது.

யார்க்‌ஷைரில் நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த பிரதேசத்தில் 1929-ல் பிறந்த ஹைட், மான்செஸ்டர் சர்வகலாசாலையில் பயின்றார். சுழலும் பெருங்கோளம் எதுவும் அச்சுழற்சியினாலேயே காந்த சக்தி பெறுகிறது என்ற கொள்கையை அங்கே பேராசிரியர் பிளாக்கெட் வெளியிட்டிருந்தார். அது மெய்யா என்று அறியச் சுரங்கங்களுக்குள் இறங்கி, ஆழத்துக்கு ஆழம் காந்த சக்தியை அளந்த குழுவில் மாணவர் ஹைட்டும் ஒருவர். அளவுகள் பேராசிரியருக்கு விரோதமாகவே அமைந்தன. அவர் 1948-ல் நோபல் பரிசு பெற்றவர் என்பதற்காகச் சாட்சியம் வளைந்து கொடுக்கவில்லை.

அப்படியானால் பூமியின் காந்த சக்திக்குக் காரணம் யாது? பூமியின் உட்கருவில் உருகிய இரும்பு அசைவதே காரணம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அவ்வசைவைக் கண்ணால் காண இயலாது. எனவே, 1950-ல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த ஹைட் ஓர் எளிய சாதனத்தை அமைத்தார். ஒன்றனுள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையே நீர், ஒரு சுவரில் சூடு, மறு சுவரில் குளிர்ச்சி, யாவும் ஒரு சுழல்மேடையின் மீது. மேடை மெதுவாகச் சுழன்றபோது நீர் சீராக ஓடிற்று. வேகம் கூடியதும் ஓட்டம் அலையலையாக வளைந்து நெளிந்தது. சில நிலைகளில் அவ்வலைகள் ஒழுங்கான காலக்கிரமத்தில் வடிவம் மாறி, மீண்டும் பழைய வடிவத்தை அடைந்தன. இன்னும் விரைந்தால் ஒழுங்கே குலைந்தது.

பூமியின் உட்கருவைத் தேடிப் புறப்பட்டவர் கண்டது ஆகாயத்தை! நமது தலைக்கு மேலே பல மைல் உயரத்தில் உலகைச் சுற்றி ஓடும் பெருங்காற்றுகளும் இவ்வாறே வளைந்து செல்கின்றன. இந்த அலைகளின் ஊசலாட்டத்துக்குக் கணித ரூபம் தர முயன்றவர்களுள் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லாரன்ஸும் ஒருவர். அற்ப வித்தியாசமும் நாளடைவில் பெரும் மாறுதலாக முடியும் என்று 1963-ல் காட்டியவர் இவரே. வானிலையை நெடுநாளைக்கு முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல ஏன் முடியாது என்பது அதனால் விளங்கிற்று.

ஹைட் பின்னர் அமெரிக்காவில், சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்ற நமது சந்திரசேகரிடம் சிறிது காலம் பணியாற்றினார் என்பதைத் தமிழர் அறிந்து மகிழலாம். 1961-ல், வியாழ கிரகத்தின் மாபெரும் செந்நிறத் திட்டு, அதன் கீழே மறைந்துள்ள மேடு ஒன்றால் சுழலும் வாயுவில் எழும் தூண் என்றார். மேகங்களுக்கடியில் அத்தகைய திடமான தரை வியாழனுக்கு இல்லை என்பது தெளிவாயிற்று. ஹைட் பிடிவாதம் பிடிக்கவில்லை. தமது பழைய உருளைகளில் கண்ட சுழல்களைக் கொண்டே வேறு விளக்கம் ஒன்றை 1983-ல் சக ஆராய்ச்சியாளருடன் வெளியிட்டார். அதே ஆண்டில், காற்றின் வேக மாறுதலுக்கேற்பப் பூமியின் சுழற்சியும் மாறி, ஒரு நாளின் நீளமே நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் கூடிக் குறைவதைச் சகாக்களுடன் விளக்கினார்.

இவ்வளவுக்கும் இடமளித்தது யார்? 1967 முதல் 1990 வரை அவர் பணியாற்றியது பிரிட்டிஷ் சர்க்காரின் வானிலை இலாகாவில்! நாளைக்கு மழை உண்டா என்று சொல்லவேண்டிய இலாகா, வியாழ கிரகத்தைப் பற்றிச் சிந்திக்கும் ஒருவருக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சிச் சாலை நடத்த வசதி செய்து கொடுத்தது. இதை வீண் செலவு என்று எவர் கூறத் துணிவர்?

தவறான கொள்கையும் நேர்மையாகச் சோதிக்கப்பட்டால் அறிவுக்கு லாபமே. விஞ்ஞானியிடம் கணக்குக் கேட்கட்டும். ஆனால் காலமும் கொடுக்கட்டும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் எந்த சர்க்காருக்கும் நாம் கூற விரும்புவது இதுவே.