நகைக்கும் அழுகைக்கும் நடுவே நம் பேச்சு

திரைப்படத்தைப் பற்றி எழுதுவோரில் இரு சாரார் உளர். அக்கலையின் நுட்பங்களைக் கற்றுத் துறைபோய விமர்சகர் ஒரு சாரார். கிடைத்த வேளையில் கிடைத்த படத்தைப் பார்த்துவிட்டுத் திண்ணையிலிருந்து அபிப்பிராயம் சொல்வோர் மறு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். கமராவை எந்தக் கோணத்தில் வைத்தார்கள், வெட்டி ஒட்டியதில் என்ன திறமை காட்டினார்கள் என்பதெல்லாம் எனக்கு எட்டாத விடயங்கள். ஆயினும் எனக்கும் இரண்டு காதுகள் உள்ளன. திரையில் ஒருவன் வாய் திறந்தால், அவன் பேசுகிறானா அல்லது பேசுவதுபோல் பாவனை செய்கிறானா என்று அறிவதற்கு அவை போதும்.

அண்மையில் வீட்டிலிருந்தபடியே நான்கு படங்களைப் பார்த்தேன். இரண்டு சிரிப்பதற்கென்று எடுக்கப்பட்டவை, இரண்டு அழுவதற்கென்று. 2000ஆம் ஆண்டில் வந்த ‘தெனாலி’, 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, 2015இல் வந்த பிரெஞ்சுப் படமாகிய ‘தீபன்’, 2025 மே முதலாந் திகதி வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்பன அவை. இவற்றுள் எதனையும் நம்மவர் இயக்கவில்லை. எல்லாவற்றிலும் நம்மவர் வருகின்றனர். இலங்கைத் தமிழன் ஒருவன் பிறர் எடுத்த படத்தில் எவ்வாறு சிரிக்கிறான், எவ்வாறு அழுகிறான் என்று பார்க்கும் ஆவலே இவற்றை ஒருசேரப் பார்க்கத் தூண்டிற்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறுமிடத்து நகையை முதலிலும் அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் நகைக்குக் காரணங்கள் என்றார். இளிவும் இழவும் அசைவும் வறுமையும் அழுகைக்குக் காரணங்கள் என்றார். படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இப்பட்டியல் அடிக்கடி என் நினைவுக்கு வந்தது. நம்மவரைக் காட்டும்போது படமெடுப்போர் அழுகைக்குரிய நான்கினையும் தாராளமாக அள்ளி வழங்குகின்றனர். நகைக்குரிய நான்கில் அவர்கள் கை முதலில் தேடிப்போவது எள்ளலைத்தான்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். மணிரத்தினத்தின் படங்களுள் எனக்குப் பிடித்தது இதுவே. தான் வளர்ப்புப் பிள்ளை என்பதை ஒன்பதாவது பிறந்த நாளில் அறிந்துகொண்ட அமுதா என்னும் சிறுமி, தன்னைப் பெற்றவளைத் தேடி இலங்கைக்கு வரும் கதை. அச்சிறுமியாக நடித்த கீர்த்தனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை, ஏ. ஆர். ரகுமானின் இசைக்குக் கிடைத்ததிலும் வியப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படத்தின் குறும்பு, கேலி, செல்லச் சண்டை அனைத்தும் சென்னை வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. கடலைத் தாண்டி இங்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோகிறது. தொடக்கத்து மாங்குளத்துத் திருமணக் காட்சியில் வரும் சிறு விளையாட்டை விட்டால், நம்மவர்க்கு இப்படத்தில் கொடுக்கப்பட்ட தொழில் ஓடுவதும் சுடுவதும் சாவதுமே. பெற்ற தாயாக வரும் நந்திதா தாஸ், இறுதியிலே மகள் அடுக்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல மாட்டாமல் நிற்கிறார். அந்த மௌனம் என்னையும் கலங்க வைத்தது. படம் முடிந்த பின்னரே, அந்தத் தாய் என்ன தமிழ் பேசுவாள் என்பது எனக்குச் சரிவரக் கேட்கவில்லையே என்று தோன்றிற்று. போர் நடந்த ஊர்களிலும் மனிதர் பகிடி விட்டனர், பதுங்குகுழிக்குள்ளும் விட்டனர். அதை அறிந்தவர்க்கு இப்படத்தின் சோகம் சற்றுக் கழுவித் துடைத்த சோகமாகவே படும்.

‘தெனாலி’ இதற்கு நேர் எதிரானது. எதைக் கண்டாலும் அஞ்சும் தெனாலி சோமன் என்னும் இலங்கைத் தமிழனை, பொறாமை பிடித்த மருத்துவர் ஒருவர், புகழ்பெற்ற மற்றொரு மருத்துவரின் ஓய்வைக் கெடுப்பதற்காக அவர் தங்கியிருக்கும் கொடைக்கானலுக்கு அனுப்பிவிடுகிறார். 1991இல் வந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் சாயல் இதிலுண்டு என்பது பலரும் அறிந்தது. கமல்ஹாசன் யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பயின்று பேசினார். அவர் பட்ட பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு முன் வந்த எத்தனையோ படங்களில் நம் பேச்சென்று சொல்லிப் பேசப்பட்டவற்றோடு ஒப்பிட்டால், இது பொன்னேதான். ஓசை எழுவதும் விழுவதும் பெரும்பாலும் சரியாகவே உள்ளன. வானொலியில் நம் செவிகளுக்குப் பழகிய அப்துல் ஹமீதும் படத்தில் தலைகாட்டுகிறார்.

எனினும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு யோசித்தால் ஓர் ஐயம் எழுகிறது. உரையாடலை எழுதியவர் கிரேசி மோகன். சொல்லை முறுக்கிச் சொல்லிலிருந்தே சிரிப்பைக் கறப்பதில் அவருக்கு இணை சிலரே. அந்தச் சிலேடையெல்லாம் மயிலாப்பூர் நாடக மேடையிலே பிறந்து வளர்ந்தது. அதற்கு யாழ்ப்பாணத்து ஓசையை உடுத்தி விட்டிருக்கிறார்கள். நம்மூர்க் கிழவர் பகிடி விடும் முறை வேறு. அவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவனைக் குத்தியும் குத்தாமலும் ஒரு வார்த்தை விடுவார். கேட்டவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது தனக்கு விழுந்த குத்து என்பதை உணர்வான். தெனாலி சோமனோ ஓயாது பேசுகிறான். அவன் பேச்சின் பொருளுக்குச் சிரிப்பவர் பாதி. பேச்சின் ஓசைக்கே சிரிப்பவர் மீதி. அவனுடைய அச்சத்தின் வேர் இலங்கையில் நேர்ந்த கொடுமையிலே இருப்பதைப் படம் ஓரிடத்தில் சொல்லத்தான் செய்கிறது. சொல்லிவிட்டு, ஏதோ கடனைத் தீர்த்தவர்போல் மறுபடியும் கூத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்த ஒரு காட்சியில் கமல்ஹாசனின் நடிப்பு உயர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றோடு அது ஒட்டவில்லை.

‘தீபன்’ பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியாரின் படம். 2015ஆம் ஆண்டுக் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பெற்றது. முன்னாள் போராளி ஒருவன், யாழினி என்னும் பெண், ஒன்பது வயதுச் சிறுமி ஆகிய மூவர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, தாமே அக்குடும்பம் என நடித்துப் பிரான்சுக்குச் சென்று சேர்கின்றனர். தீபனாக நடித்தவர் ‘கொரில்லா’ நாவலை எழுதிய ஷோபாசக்தி. பிரெஞ்சுப் படமாயினும் பேச்சின் பெரும்பகுதி தமிழே. அதிலும் ஷோபாசக்தியின் தமிழ் எவரிடமும் பயின்று வந்ததன்று; தீவகத்தில் பிறந்த மனிதர் தம் வாயாற் பேசுகிறார். அவர் ‘ஓம்’ என்று சொல்லும்போது அது ஓம் என்றே கேட்கிறது.

இவ்வளவு இருண்ட படத்திலே நான் வாய்விட்டுச் சிரித்த இடம் ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரர் விடும் பகிடியில் சொற்கள் விளங்குகின்றன, ஆனால் தனக்குச் சிரிப்பு வரவில்லையே என்று தீபன் யாழினியிடம் குறைப்படுகிறான். உனக்குத் தமிழிலேயே பகிடி வராதே என்ற கருத்துப்பட அவள் ஒரு வெட்டு வெட்டுகிறாள். பொய்யாகக் கூட்டிவைத்த அந்தக் குடும்பம் மெய்யான குடும்பமாகத் தொடங்குவது அந்தக் கணத்தில்தான் என்பேன். கணவனை இப்படிக் குத்திப் பேசும் உரிமை மனைவிக்கன்றி வேறு யாருக்கு உண்டு? நான்கு படங்களிலும் நம்மவர் இருவர் தமக்குள்ளே, பார்ப்போர் கைதட்டலை எதிர்பாராமல், பகிடி விட்டுக்கொண்ட இடமாக எனக்கு நினைவில் நிற்பது அதுவே. பிறகு படம் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறது. போராளியாக இருந்தவன் ஈற்றில் போரிட்டே தீரவேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. இங்கிலாந்திலே வெயிலும் பசும்புல்லுமாக முடியும் கடைசிக் காட்சியும் என் மனதில் ஒட்டவில்லை.

இனி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற் படம். 2022ஆம் ஆண்டு இலங்கையில் பொருள் முடையும் எரிபொருள் வரிசையும் மக்களை வாட்டியபோது, அவ்வாண்டு மார்ச்சு மாதம் முதல் சில குடும்பங்கள் படகேறித் தமிழகக் கரையை அடைந்தமை நாம் அறிந்ததே. அத்தகைய குடும்பம் ஒன்றின் கதை இது. சசிகுமாரும் சிம்ரனும் தர்மதாஸ், வசந்தி என்னும் தம்பதியராக வருகின்றனர். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் இலங்கைக் குழந்தையை எடுத்து வளர்த்த இந்தியத் தாயாக நடித்தவர் இதே சிம்ரன். இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் இங்கிருந்து தப்பிச் செல்லும் தாயாக அவரையே காண்பது எனக்கு ஒரு விசித்திர உணர்வைத் தந்தது.

இவர்கள் சென்னையின் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ வேண்டும். ஒளிந்து வாழ்வதற்கு முதல் நிபந்தனை, வாய் திறந்து தம் பேச்சைப் பேசாதிருத்தல். படத்தின் சிரிப்பெல்லாம் இந்த முடிச்சிலிருந்தே பிறக்கிறது. இளைய மகனாக நடித்த சிறுவன் கமலேஷ் பெரியவர் அனைவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கையில் என்னோடு இருந்து பார்த்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1983ஆம் ஆண்டு யூலையில், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி, நாக்குப் பிசகியவனைத் தமிழன் என்று கண்டுகொண்டார்கள். அக்காலத்தைக் கடந்து வந்தவர்க்கு, பேச்சை மறைத்தல் என்பது நகைச்சுவைக்கான உத்தியாகத் தோன்றாது. கொழும்பிலே பேருந்தில் பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் தமிழில் கதைக்காதே என்று தாய்மார் கண்ணாற் காட்டிய காலம் அது. தமிழன் என்று தெரியாதிருக்க அன்று வாயை மூடினோம். எந்த ஊர்த் தமிழன் என்று தெரியாதிருக்கத் தமிழர் நடுவிலும் மூட நேர்கிறது என்பதை இப்படம் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுகிறது. இயக்குநர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரோ அன்றி இயல்பாக வந்து அமைந்ததோ, படத்தின் வலிமை இங்கேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒருவரோடொருவர் பேசாத அயலவரெல்லாம் இக்குடும்பத்தின் அன்பினால் உருகி ஒன்றாகிவிடுகின்றனர். தர்மதாஸ் கோபிக்கவே மாட்டாத மனிதர். வீடு வாசலை விட்டு, கடலில் உயிரைப் பணயம் வைத்து வந்தவனுக்கு ஒரு நாளாவது எரிச்சல் வராதா? அகதி என்றால் நல்லவனாகவே இருந்தாக வேண்டும் என்பதும் ஒருவகைச் சிறைதான். மேலும், 1983 முதல் தமிழகத்துக்குச் சென்ற நம்மவரில் பெருந்தொகையினர் பல்லாண்டுகளாக முகாம்களிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றனர். 2021இல் அம்முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டன. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே இலங்கைத் தமிழர்க்கு இடமிருக்கவில்லை. இவையெல்லாம் இப்படத்தின் இனிய தெருவுக்குள் நுழையவில்லை. ஒரு நகைச்சுவைப் படத்தின் தலையில் இத்தனை பாரத்தையும் ஏற்றுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமில்லைத்தான், ஆயினும் பார்க்கும்போது மனம் அங்கே போய்விடுகிறது.

இறுதிக் காட்சியில், தேடி வந்த காவலதிகாரியின் முன்னே குடியிருப்பு மக்கள் யாவரும் நம் பேச்சிலேயே மறுமொழி சொல்லி இக்குடும்பத்தைக் காப்பாற்றுகின்றனர். நடக்கக் கூடியதா? ஒருபோதும் இல்லை. சென்னைவாசிகள் வாயில் நம் தமிழ் படும் பாடு சொல்லுந்தரமன்று. இருந்தும் அவ்விடத்தில் நான் குறை பிடிக்கவில்லை. ‘தெனாலி’யில் சிரிப்பதற்கென்று ஒலித்த அதே ஓசை, இங்கே ஒருவனை மறைத்துக் காக்கும் வேலியாக ஒலித்தது.

நம் பேச்சு என்று நான் இவ்வளவு நேரமும் சொல்லிவந்ததில் ஒரு பிசகு உள்ளது. தமிழகத்துப் படங்களுக்கு இலங்கைத் தமிழ் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் யாழ்ப்பாணத்தை ஒட்டியது. மட்டக்களப்பான் பேச்சு வேறு, மன்னாரான் பேச்சு வேறு, மலைநாட்டுத் தோட்டத்தில் வாழ்பவர் பேச்சு வேறு, தென்கரை முஸ்லிம்களின் பேச்சு வேறு. இந்த வேறுபாட்டையே சிரிப்புக்கு முதலாக்கிய ஒரு நகைச்சுவை நமக்கு இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று ஒலிபரப்பாகி, 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. முஸ்லிம் ஒருவர், சிங்களவர் ஒருவர், யாழ்ப்பாணத்தார் ஒருவர், ஐயர் ஒருவர். நால்வரும் அவரவர் வாய்க்கு வந்த தமிழைப் பேசினார்கள், எவரும் எவருக்காகவும் தம் நாக்கைத் திருத்திக்கொள்ளவில்லை. நாடகம் ஓய்ந்த பின்னரும் நேயர்கள் அந்த நடிகர்களை விடவில்லை: மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயரை முன்வைத்தே வாழ்நாள் முழுதும் அழைத்து வந்தார்கள்.